டெக்சஸில் பள்ளி நாட்காட்டி போடுவது எப்படி: காலண்டர் கமிட்டியில் முதல்முறை உட்காரும் பெற்றோருக்கு

பிள்ளையின் பள்ளியிலிருந்து "காலண்டர் கமிட்டியில் சேர விருப்பமா?" என்று மின்னஞ்சல் வந்திருக்கும். விடுமுறை நாட்களை வட்டம் போடும் வேலைதானே என்று நினைத்து நீங்களும் சரி என்றிருப்பீர்கள். நானும் 2024இல் அப்படித்தான் போய் உட்கார்ந்தேன். டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகர், நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு). முதல் கூட்டத்தில் "வருஷத்துக்கு 180 நாள் பள்ளி நடக்கணுமே" என்று பெரிய கேள்வி கேட்பதுபோல் கேட்டேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை மெல்லச் சொன்னார்: "இங்கே நாள் கணக்கு இல்லை, நிமிடக் கணக்கு." அன்று முழுக்க அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடம் தட்டுத்தடுமாறிக் கற்றதை எழுதுகிறேன். இது டெக்சஸுக்கு மட்டும். வேறு மாநிலத்தில் இருந்தால் விதிகள் வேறு, வரிசை மட்டும் ஓரளவு உதவும்.

1. முதலில் தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

முதல் கூட்டத்துக்கு முன்னாலேயே இவை கையில் இருக்க வேண்டும்:

- கடந்த மூன்று வருட நாட்காட்டிகள். கமிட்டி போட்ட வரைவு அல்ல, போர்டு (டிஸ்ட்ரிக்டின் நிர்வாகக் குழு) ஒப்புதல் தந்த இறுதிப் பிரதி.
- தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளின் மணி அட்டவணை.
- டிஸ்ட்ரிக்டின் 'டிஸ்ட்ரிக்ட் ஆஃப் இன்னொவேஷன்' திட்டம், இருந்தால். அது ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.
- மாநிலக் கல்வித்துறை வெளியிடும் ஸ்டார் தேர்வு (மாநிலப் பொதுத் தேர்வு) அட்டவணை.
- ஆசிரியர் ஒப்பந்த நாட்களின் எண்ணிக்கை.

பெரும்பாலானவை டிஸ்ட்ரிக்டின் இணையதளத்திலேயே கிடக்கும். கிடைக்காததைக் கமிட்டியை நடத்தும் அலுவலரிடம் கேட்டால் தருவார். அப்படியும் வராவிட்டால் டெக்சஸ் பொதுத் தகவல் சட்டப்படி எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தரவோ, தர முடியாது என்று அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திடம் கருத்துக் கேட்கவோ அவர்களுக்கு 10 வேலை நாள் அவகாசம் உண்டு. நகல் செலவு பக்கத்துக்கு 10 சென்ட். 50 பக்கத்துக்குள் அடங்கும்படி கேளுங்கள். அதற்கு மேல் போனால் எடுத்துத் தருபவரின் கூலியையும், மணிக்கு 15 டாலர் வீதம், உங்கள் தலையில் கட்டலாம். "மூன்று வருடத்தின் எல்லா ஆவணங்களும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டு 90 டாலருக்கு மதிப்பீடு வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

2. அசைக்க முடியாத எல்லைகளைக் குறியுங்கள்

மாநிலச் சட்டம் சொல்வது: ஆண்டுக்குக் குறைந்தது 75,600 நிமிடம் பள்ளி நடக்க வேண்டும். வகுப்பு மட்டுமல்ல, இடைவேளையும் இதில் சேரும். ஆகஸ்ட் மாதத்தின் நான்காவது திங்களுக்கு முன் பள்ளி திறக்கக் கூடாது. மே 15க்கு முன் முடிக்கக் கூடாது.

ஆனால் நான்காவது திங்கள் வரை எங்கள் ஊரில் யாரும் காத்திருப்பதில்லையே என்பீர்கள். அங்கேதான் அந்த 'இன்னொவேஷன்' திட்டம் வருகிறது. 2015இல் வந்த சட்டம் இது. இதன்படி ஒரு டிஸ்ட்ரிக்ட் தனக்கென்று திட்டம் போட்டு, சில விதிகளிலிருந்து விலக்கு எடுத்துக்கொள்ளலாம். திட்டத்தின் ஆயுள் அதிகபட்சம் 5 வருடம். உங்கள் டிஸ்ட்ரிக்ட் தொடக்கத் தேதிக்கு விலக்கு எடுத்திருக்கிறதா, அந்தத் திட்டம் எந்த வருடம் காலாவதியாகிறது, இரண்டையும் பாருங்கள். நடுவில் காலாவதியாகும் என்றால் உங்கள் நாட்காட்டியும் அதோடு தொங்கலில் நிற்கும்.

அப்புறம் ஆசிரியர் பக்கம். பத்து மாத ஒப்பந்தம் என்றால் 187 வேலை நாள். இதில் மாணவர் வரும் நாட்கள் போக மிச்சம்தான் பயிற்சிக்கும், வகுப்பறை தயார் செய்யவும், மதிப்பெண் போடவும். "ஆசிரியர்களுக்கு ஏன் இத்தனை நாள்?" என்று கூட்டத்தில் கேட்டுவிடாதீர்கள். மாணவர் நாள் குறைந்தால் அந்த நாள் எங்கேயும் மறைந்துபோகாது, ஆசிரியரின் வேலை நாளாக இந்தப் பக்கம் வந்து உட்காரும்.

3. நிமிடக் கணக்குப் போடுங்கள்

கமிட்டியில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. செய்கிறவர் பேச்சுக்கு மதிப்பு வரும் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2026-27ஐயே எடுத்துக்கொள்வோம்.

சட்டப்படி ஆகஸ்ட் 24, திங்கள், திறக்கிறோம். டிசம்பர் 18 வரை 17 வாரம், 85 வார நாட்கள். லேபர் டே (செப்டம்பர் 7), அக்டோபர் 12, தேர்தல் நாள் (நவம்பர் 3), தேங்க்ஸ்கிவிங் வாரம் முழுதும் ஐந்து நாள், இவற்றைக் கழித்தால் 77. ஜனவரி 4 முதல் மே 28 வரை 21 வாரம், 105 நாள். ஜனவரி 4 ஆசிரியர் நாள், மார்ட்டின் லூதர் கிங் நாள், பிரசிடென்ட்ஸ் டே, ஸ்பிரிங் பிரேக் ஐந்து நாள், மார்ச் 26 புனித வெள்ளி போக 96. மொத்தம் 173 நாள்.

பள்ளி நாள் ஏழேகால் மணி நேரம், அதாவது 435 நிமிடம் என்றால் 173 × 435 = 75,255. சட்டம் கேட்பதைவிட 345 நிமிடம் குறைவு. ஒரு நாள் கூட்டினால் 75,690. வெறும் 90 நிமிடம் மிச்சம், ஒரு பனி நாளுக்குக்கூடக் காணாது.

இப்போது நாளைக் கூட்டாமல், தினமும் 5 நிமிடம் கூட்டிப் பாருங்கள். 173 × 440 = 76,120. பத்து நிமிடம் கூட்டினால் 76,985. மூன்று நாளுக்கான மிச்சம் கையில் வந்துவிடுகிறது. தினம் ஐந்து நிமிடம் என்பது வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு நாள். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.

ஆனால் ஐந்து நிமிடமும் இலவசம் இல்லை. ஒரே பஸ் முதலில் ஒரு பள்ளிக்கும், திரும்பி வந்து அடுத்த பள்ளிக்கும், மூன்றாவதாக இன்னொன்றுக்கும் ஓடுகிறது. ஒரு பள்ளியில் மணி தள்ளினால் மற்ற இரண்டிலும் தள்ளும். கடைசி நடையில் இறங்கும் பிள்ளை குளிர்காலத்தில் இருட்டில் வீடு சேரும். போக்குவரத்துப் பிரிவிலிருந்து யாராவது கமிட்டியில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள்.

ஒரு பொறி: பள்ளிக்குப் பள்ளி நிமிடம் மாறும். நான் தொடக்கப் பள்ளியின் நிமிடத்தை வைத்து அழகாகக் கணக்குப் போட்டு எடுத்துப் போனேன். உயர்நிலைப் பள்ளியில் ஒரு நாளைக்கு அதைவிடக் குறைவு. என் தாள் இரண்டு நிமிடத்தில் குப்பைக்குப் போனது. எந்தப் பள்ளியில் நிமிடம் மிகக் குறைவோ அதை வைத்துத்தான் கணக்கு.

இன்னொன்று, ஆசிரியர் பயிற்சிக்கென 2,100 நிமிடம் வரை மாநிலம் விலக்கு தருவதுண்டு. உங்கள் டிஸ்ட்ரிக்ட் அதை எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் மேலே உள்ள கணக்கே மாறிவிடும்.

4. வானிலைக்கு ஒதுக்குங்கள்

புயலோ பனியோ வந்து பள்ளி மூடினால், மாநிலத்திடம் விலக்குக் கேட்கும் முன் குறைந்தது இரண்டு நாள் அளவுக்கு நீங்களே ஈடுகட்டியிருக்க வேண்டும். அதனால் இரண்டு நாளுக்கான நிமிடம் மிச்சம் வைப்பது, அல்லது இரண்டு நாளை 'ஈடு நாள்' என்று முன்கூட்டியே குறிப்பது வழக்கம். டல்லாஸ் பக்கம் உறைபனி, ஹூஸ்டன் பக்கம் வெள்ளம். 2017இல் ஹார்வி புயலால் ஹூஸ்டன் பள்ளிகள் செப்டம்பர் 11 அன்றுதான் திறந்தன. 2021 பிப்ரவரிப் பனியில் மாநிலமே ஒரு வாரம் முடங்கியது. எங்கள் பக்கம் பனி பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான் வரும். ஆகவே ஈடு நாளை மார்ச்சுக்குப் பிறகு வையுங்கள். அக்டோபரில் வைத்து என்ன பயன்?

5. இரண்டு பருவங்களையும் தராசில் வையுங்கள்

மேலே வந்த 77 (டிசம்பர் வரை முதல் பருவம்), 96 (ஜனவரி முதல் இரண்டாம் பருவம்) என்ற இரண்டு எண்களை மறுபடி பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அரசியலும் பொருளாதாரமும் ஆளுக்கொரு பருவம். ஒன்றுக்கு 77 நாள், மற்றதற்கு 96 என்றால் பாடம் நடத்துகிறவருக்குக் கோபம் வராதா? ஆகஸ்ட் 12 புதன்கிழமையே திறந்தால் முதல் பருவம் 85 ஆகும், எட்டு நாள் ஏறும். மே மாதத்தில் ஒரு வாரம் முன்னதாக முடிக்கவும் இடம் கிடைக்கும். ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறப்பதன் ரகசியம் இவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு முன் பருவத் தேர்வு முடிய வேண்டும், இரண்டு பருவமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். கோடையில் இந்தியா போய் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் திரும்பும் நம் குடும்பங்களுக்கு இது கசக்கும். நானே எதிர்த்துப் பேசப் போனவன், கணக்கைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டேன்.

டிசம்பர் விடுமுறையை மூன்று வாரமாக்கச் சொல்லி வாட்ஸாப் குழுவில் உங்களை நெருக்குவார்கள். கேட்டுப் பார்க்கலாம், கிடைக்காது. அவர்களிடம் வேறொன்றைச் சொல்லுங்கள். வகுப்பு நடந்த நாட்களில் 90 சதவீதம் வந்தால்தான் அந்தப் பாடத்துக்கு கிரெடிட் என்பது மாநில விதி. 77 நாள் பருவத்தில் எட்டு நாள் போனாலே அந்தக் கோட்டுக்குக் கீழே. சென்னை டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று இரண்டு வாரம் நீட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை.

6. தேதி மாறாதவற்றைப் பொருத்துங்கள்

ஸ்டார் தேர்வு, மே முதல் இரண்டு வாரங்களில் ஏபி தேர்வுகள் (உயர்நிலைப் பிள்ளைகள் எழுதும் கல்லூரித் தரத் தேர்வுகள்), பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் ஸ்பிரிங் பிரேக் (அங்கே பாடம் எடுக்கும் உயர்நிலைப் பிள்ளைகள் இருப்பார்கள்), பட்டமளிப்பு அரங்கம் கிடைக்கும் நாள். தேர்தல் நாளில் பள்ளிகளே வாக்குச்சாவடி, முன்பின் தெரியாதவர்கள் உள்ளே வந்துபோவார்கள் என்பதால் பல டிஸ்ட்ரிக்டுகள் அன்று மாணவருக்கு விடுமுறை விடுகின்றன. ஊர்ப் பழக்கமும் உண்டு: டல்லாஸ் பக்கம் ஸ்டேட் ஃபேர் என்ற மாநிலப் பொருட்காட்சிக்கு ஒரு நாள், சான் அந்தோனியோவில் ஏப்ரலில் பேட்டில் ஆஃப் ஃப்ளவர்ஸ் ஊர்வலம் நடக்கும் வெள்ளி. புதிதாக வந்தவர் "இதுக்கெல்லாமா லீவு?" என்று கேட்டு ஊராரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

7. தீபாவளி: எப்படிக் கேட்பது, எப்படிக் கேட்கக் கூடாது

நீங்கள் இந்தக் கட்டுரையைத் திறந்ததே இதற்காக இருக்கலாம்.

நியூயார்க் மாநகரப் பள்ளிகளுக்கு 2023இல் மாநிலச் சட்டமே தீபாவளி விடுமுறை தந்தது. டெக்சஸில் அப்படி ஒன்றும் இல்லை, ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டாகத்தான் கேட்க வேண்டும். முதல் வருடம் நாங்கள் கேட்ட விதம் இது: பதினாறு பேர் போர்டு கூட்டத்துக்குப் போனோம். நம் பண்பாடு, இருளை வெல்லும் ஒளி, பிள்ளைகளின் ஏக்கம் என்று ஆளுக்கு மூன்று நிமிடம் பேசினோம். ஒரு பாட்டி மொழிபெயர்ப்பாளரோடு பேசினார். அப்படிப் பேசுகிறவருக்கு இரட்டிப்பு நேரம் தர வேண்டும் என்பது சட்டம், அவர் அதை முழுதாகப் பயன்படுத்தினார். எல்லோரும் புன்னகைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

பிழை எங்கே? மதப் பண்டிகை என்ற காரணத்துக்காக அரசுப் பள்ளியை மூட முடியாது, அரசியலமைப்பின் முதல் திருத்தம் குறுக்கே நிற்கும். அன்று பள்ளி நடத்துவது நடைமுறையில் கஷ்டம் என்று காட்ட வேண்டும். எத்தனை பிள்ளைகள் வருவதில்லை, எத்தனை ஆசிரியர் விடுப்பு, பதிலி ஆசிரியர் எத்தனை பேர் கிடைக்கவில்லை. நாங்கள் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கினோம். பார்த்தால், தீபாவளியன்று மத விடுப்பு எடுத்தவர்கள் கை விரலில் எண்ணும் அளவு, 'உடல்நலமில்லை' என்று எழுதியவர்கள் நூற்றுக்கணக்கில்! நாமேதான் அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அதனால் இப்போதே தொடங்குங்கள். டெக்சஸ் சட்டப்படி மதப் பண்டிகைக்காக வராத பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. விட்ட பாடத்தை முடிக்க நியாயமான அவகாசம் தர வேண்டும், வருகைக் கணக்கிலும் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சல் என்று எழுத ஒரு அவசியமும் இல்லை. 'தீபாவளி, மதப் பண்டிகை' என்று பளிச்சென எழுதுங்கள். தெரிந்த எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருடம் இப்படிச் செய்தால் எண்ணிக்கை தானாகப் பேசும்.

இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. டெக்சஸில் மாணவர் வருகையை வைத்துத்தான் மாநிலம் டிஸ்ட்ரிக்டுக்குப் பணம் தருகிறது. 2025-26இல் ஒரு மாணவருக்கு அடிப்படைத் தொகை 6,215 டாலர், நாளுக்கு சுமார் 35 டாலர். "பிள்ளைகள் வராததால் உங்களுக்கு நஷ்டம்" என்று வாதாட ஆசையாக இருக்கும். மத விடுப்பில் பிள்ளை வந்ததாகவே கணக்கு என்பதால் அந்த நஷ்டம் அங்கே இல்லை. நிதி அலுவலர் ஒரே வரியில் உங்களை உட்கார வைத்துவிடுவார். பணத்தை விடுங்கள், பதிலி ஆசிரியர் தட்டுப்பாட்டைப் பேசுங்கள்.

எந்தத் தேதி என்பதை நமக்குள் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள். 2024இல் நமக்கு அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று. வேறு சிலருக்கு நவம்பர் 1. கமிட்டியில் "எது?" என்று கேட்டபோது எங்கள் பக்கத்திலிருந்தே இரண்டு பதில் வந்தது. எதிரே இருந்தவர்கள் பேனாவை மூடினார்கள்.

கடைசியில் எது பலித்தது? 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கள். அதற்கு முந்தைய திங்கள், அக்டோபர் 13, வழக்கமான ஆசிரியர் பயிற்சி நாள். "புதிதாக விடுமுறை வேண்டாம், அந்தப் பயிற்சி நாளை ஒரு வாரம் தள்ளி வையுங்கள்" என்று ஒரு பக்கத் தாளில் கொடுத்தோம். நிமிடம் கூடவில்லை, குறையவில்லை. ஒப்பந்த நாளும் மாறவில்லை. நிறைவேறியது. நம் ஆசிரியர்கள் அன்று பயிற்சிக்கு வர வேண்டியிருந்தது என்ற குறை இருக்கிறது, மறைப்பதற்கில்லை.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. மறுநாள் திங்களைக் கேட்கச் சொல்லிச் சிலர் வந்தார்கள். நான் மறுத்துவிட்டேன். தேவையில்லாத வருடத்தில் கேட்டால், தேவையான வருடத்தில் காது கொடுக்க மாட்டார்கள். பொங்கலும் அப்படித்தான், குளிர்கால விடுமுறை முடிந்து பத்து நாளில் வருகிறது. மத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் பொங்கல் வையுங்கள்.

8. எப்போது என்ன நடக்கும்

எங்கள் டிஸ்ட்ரிக்டில் செப்டம்பரில் கமிட்டி கூடும், அக்டோபரில் இரண்டு அல்லது மூன்று வரைவுகள், நவம்பரில் பெற்றோர் கருத்துக்கணிப்பு, டிசம்பரிலோ ஜனவரியிலோ போர்டு வாக்கெடுப்பு. சில டிஸ்ட்ரிக்டுகள் இரண்டு வருடத்தை ஒரே மூச்சில் முடித்துவிடும். உங்கள் ஊரில் எப்படி என்று முதலிலேயே கேளுங்கள், இல்லையென்றால் வண்டி போனபின் நிலையத்தில் நிற்பீர்கள்.

முடிவு உண்மையில் நடப்பது அக்டோபரில், வரைவு எழுதும்போது. கருத்துக்கணிப்பில் 'அ', 'ஆ' என்று இரண்டுதான் இருக்கும், உங்கள் யோசனை இரண்டிலும் இல்லையென்றால் ஓட்டுப் போட்டு என்ன ஆகும்? போர்டு கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் உள்ள பொருள் பற்றிப் பேசப் பொதுமக்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் முன்பதிவு நேரம் முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் கூட்டத்தன்று பகலிலேயே முடிந்துவிடும்.

உங்கள் கைச்செலவு அதிகமில்லை: நகலுக்குப் பத்து இருபது டாலர், ஐந்தாறு மாலைகள். வேலையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கூட்டங்கள் மாலை நாலரைக்கே தொடங்கும்.

9. ஒப்புதலுக்குப் பின்

இணையத்தில் வரைவும் இறுதிப் பிரதியும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். போர்டு ஒப்புதல் தேதி அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புங்கள். அதற்கு முன் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். நாட்காட்டியின் அடியில் பொடி எழுத்தில் 'ஈடு நாள்' என்று எது குறிக்கப்பட்டிருக்கிறது என்றும் படியுங்கள். பல டிஸ்ட்ரிக்டுகளில் அது பிரசிடென்ட்ஸ் டே அல்லது புனித வெள்ளி. கமிட்டியில் உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்தவனே நான்தான். புனித வெள்ளிக்குக் கால்வெஸ்டன் கடற்கரையில் அறை போட்டுவிட்டு, ஜனவரிப் பனிக்குப் பிறகு ரத்துக் கட்டணம் கட்டியவனும் நான்தான்.